கழுவியவர்: கோ. தட்சிணாமூர்த்தி

ஒக்காருங்க சார், தாராளமா ஒக்காருங்க. அந்தப் பையை இப்படிக் குடுங்க, மடியில வெச்சுக்கிறேன். தஞ்சாவூருக்கா? நானும் அங்கதான். ஜன்னல் ஓரத்தை மட்டும் கேட்டுடாதீங்க. எங்க ஒக்காந்தாலும் வெளிய என்ன நடக்குதுன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும். சுபாவம் அப்படி.

என்ன, சட்டையைப் பாக்குறீங்களா? காலைலதான் இஸ்திரி போட்டு வாங்கினேன். முடி வெட்டி, மீசைக்கு டை அடிச்சு, எல்லாம் ஒரு காரியமாத்தான். தஞ்சாவூர்ல பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மண்டபத்துல போட்டோ கண்காட்சி. வெச்சிருக்கிறது எங்க வீட்டுல. ஆமா சார், என் சம்சாரம். செங்கமலம்னு பேரு. மன்னார்குடில கோயில் தாயார் பேரை வெச்ச பொண்ணுங்க தெருவுக்குத் தெரு உண்டு. ஆனா படம் எடுத்து, பிலிமை வீட்டுலயே கழுவி, ஊரைக் கூட்டிக் காட்டுற செங்கமலம் எங்க வீட்டுல மட்டும்தான்.

அவ நேத்தே போயிட்டா. படத்தையெல்லாம் மாட்டணுமாம், சிநேகிதி வீட்டுல தங்கிக்கிறாளாம். என்னைக் கூப்பிட்டாளான்னா, கூப்பிடல. வராதீங்கன்னும் சொல்லல. "மெஸ்ல சாப்பாடு சொல்லியிருக்கேன், மோர் பிரிட்ஜுல இருக்கு"ன்னா. இதுல வான்னு இருக்கா, வராதேன்னு இருக்கா? நேத்து பூரா யோசிச்சேன், பிடிபடல. அதான் கெளம்பிட்டேன்.

கோவம்லாம் இல்ல சார். எனக்கு யார் மேலயும் கோவம் வராது. நியாயம் மட்டும்தான் கேப்பேன். அங்க மாட்டியிருக்கிற படம் பூரா நான்தான். வர்றவங்க எல்லாம் பாக்கப் போறது என்னை. ஆனா அழைப்பிதழ்ல என் பேரு எங்கயும் இல்ல. 'செங்கமலம்', அவ்வளவுதான். முன்னால என் பேரோட முதலெழுத்தை ஒண்ணு போட்டா என்ன கொறைஞ்சுடும்?

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். அப்பத்தான் நியாயம் எந்தப் பக்கம்னு உங்களுக்கு விளங்கும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, யாழினி. காலேஜ்ல எல்லாப் பிள்ளைங்களும் போன்ல படம் எடுக்குறப்ப, இவ மட்டும் பிலிம் போடுற பழைய கேமராவைத் தேடிப் பிடிச்சு வாங்கினா. கல்யாணமாகி புனாவுக்குப் போறப்ப பீரோவுல போட்டுட்டுப் போயிட்டா. நான் ரிட்டையர் ஆன வருஷம் செங்கமலம் அதை எடுத்துத் தொடைச்சுக்கிட்டே, "ஏன், நான் இதுல பழகட்டுமா?"ன்னா. பழகேன்னேன். நான் எதையும் தடுக்குற ஆள் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். பிலிம் வாங்குறது ஒரு செலவு, அதை மெட்ராஸுக்கு அனுப்பிக் கழுவி வாங்குறது இன்னொரு செலவு, பென்ஷன்ல ரெண்டும் கட்டாதுன்னேன். சொன்னா விட்டுடுவான்னு நெனச்சேன். அவ பொண்ணுக்குப் போன் போட்டு, வீட்டுலயே கழுவுறது எப்படின்னு கேட்டுக்கிட்டா. அப்ப இதுக்கெல்லாம் மூல காரணம் யாரு சார்? நான் மட்டும் தாராளமாச் செலவு பண்ணியிருந்தா இந்த வித்தை அவளுக்கு வந்திருக்குமா?

என்னென்ன வேணும்னு யாழினி சொன்னதைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மாத்திரை. இதை மூணையும் தண்ணில கலக்கினா அதுல பிலிம்ல இருக்கிற படம் எழும்பி வருமாம். அப்புறம் அந்தப் படம் அழியாம நிக்கிறதுக்கு ஹைப்போன்னு ஒரு உப்பு. அது எங்க கெடைக்குதுன்னா மீன் தொட்டிக் கடைல. தண்ணில இருக்கிற குளோரினை எடுக்கிறதுக்காக விக்கிறான். அந்தக் கடைக்காரர் செங்கமலத்தைப் பாத்தாலே, "மீனெல்லாம் நல்லாருக்காம்மா?"ன்னு கேப்பாராம். நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவாளாம். எங்க வீட்டுல மீனே கெடையாது.

மத்ததெல்லாம் சரி, இந்த இன்ஸ்டன்ட் காபிதான் எனக்கு மனசு ஒப்பல. எங்க வீட்டுல டிகாக்ஷன் எறக்கித்தான் காபி. இன்ஸ்டன்ட் தூள் வாசப்படி தாண்டினதில்ல. நான் யோசிச்சு ஒரு வழி சொன்னேன். காலைல ரெண்டாம் டிகாக்ஷன் எப்படியும் மிஞ்சுது, அதுல போட்டு எடேன், செலவே இல்லையேன்னேன். பொடில சிக்கரி கலந்திருக்குன்னு இழுத்தா. சும்மா பண்ணிப் பாருன்னேன். பண்ணினா. படம் வந்துச்சு சார், வராம இல்ல. பனி மூட்டத்துல எடுத்த மாதிரி வந்துச்சு. எங்க வீட்டுக் கொய்யா மரம்னு அவ சொல்லித்தான் தெரிஞ்சுது. எனக்குப் பிடிச்சிருந்தது. அவ அதோட ரெண்டாம் டிகாக்ஷனைக் கொட்டிட்டு இன்ஸ்டன்டுக்கே போயிட்டா. நம்ம யோசனைக்கு வீட்டுல என்ன மரியாதைன்னு பாத்துக்கங்க.

மாத்திரை யாரோடதுன்னு கேளுங்க. என்னோடது. ஈறுல ரத்தம் கசியுதுன்னு எனக்கு டாக்டர் எழுதினது. டப்பா காலியாக் கெடக்கும், கேட்டா "நேத்து ஒரு ரோல் கழுவினேன்"பா. அப்புறம் இன்னொண்ணு. பிலிமைக் காபித் தண்ணி ஊத்துற டப்பாவுல மாட்டுறப்ப துளி வெளிச்சம் படக்கூடாதாம், காரணம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்குன்னு கைய உள்ள விட்டு வேலை செய்யுற கருப்புப் பை விக்கிறானாம். இவ என்ன பண்ணினா, நான் மலைக்கு மாலை போடுறப்பக் கட்டுற கருப்பு வேட்டியை ரெட்டையா மடிச்சுப் பை தெச்சுட்டா. நான் மூணு தடவை மலையேறின வேட்டி சார் அது. "சாமி கோச்சுக்காது, சுத்தமான காரியத்துக்குத்தானே"ன்னா. நான் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

இப்ப நான் ஒக்கார்ற விஷயத்துக்கு வர்றேன். எங்க வீடு தெக்குப் பாத்த வாசல். கூடத்துல வாசலைப் பாக்க என் நாற்காலி. பக்கத்துல டிவி. என் பேரு தட்சிணாமூர்த்தி, பேருக்கு ஏத்த மாதிரி தெக்க பாத்துத்தான் ஒக்காருவேன்னு ஆபீஸ்லயே கேலி பண்ணுவாங்க. அங்கயும் அப்படித்தான், சூப்பரிண்டெண்ட் மேஜை. யாரா இருந்தாலும் எதிர்ல வந்து நின்னுதான் பேசணும். அடுக்களை எனக்குப் பின்னால இருக்கு. செங்கமலம் அங்க இருப்பா. எனக்குப் பின்னாலேருந்து கூப்பிட்டா ஆகாது. கல்யாணமான புதுசுல, நான் ஆபீஸ் கெளம்புறப்ப, "ஏங்க, குடை"ன்னு பின்னாலேருந்து கூப்பிட்டா. அன்னிக்கு எனக்கு மெமோ குடுத்துட்டான். சாயங்காலம் வந்து சொன்னேன், இனிமே பின்னாலேருந்து கூப்பிடாதேன்னு. நான் சொன்னது வெளிய கெளம்புறப்பன்னுதான். அவ மொத்தமாவே நிறுத்திட்டா. ஏதாவது சொல்லணும்னா சுத்திக்கிட்டு முன்னால வந்து நின்னு சொல்லுவா. அவ்வளவு மரியாதை.

சரி, படம் எடுக்க ஆரம்பிச்சாளா, எதை எடுக்கிறா, என்ன எடுக்கிறான்னு நான் கேட்டதில்ல. பின்னால 'டக்'குன்னு சத்தம் கேக்கும். அப்புறம் ஒரு நாள் கழுவின பிலிமையெல்லாம் போன்ல பிடிச்சு, கருப்பை வெள்ளையாக்கி வெள்ளையைக் கருப்பாக்கிக் காட்டினா. பாத்தா நான். நாற்காலில நான். பேப்பரோட நான். டிவி பாத்துக்கிட்டு நான். கை மட்டும் பக்கத்துல நீண்டு காபி டம்ளருக்குக் காத்துக்கிட்டு இருக்க, நான். எல்லாத்துலயும் முதுகு சார். முதுகும் பின்னந்தலையும். என் உச்சந்தலைல வழுக்கை விழுந்திருக்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"படம்னா முகம் வர வேண்டாமா? இது அடிப்படை விஷயம். யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும் உனக்கு"ன்னேன். "எனக்குத் தெரியுறதைத்தானே எடுக்க முடியும்"னா. பாத்தீங்களா, கத்துக்குட்டின்னு அவளே ஒத்துக்கிறா. யாழினிக்கு அனுப்பினாளாம், அவ அழுதாளாம். பிள்ளைக்கு அப்பா ஞாபகம் வந்திருக்கும்.

வடுவூர் வந்துடுச்சா? ஏரில தண்ணி நெறைய கெடக்கு போல. ஆங், எங்க விட்டேன்?

கரண்ட் போன நாள். மாசா மாசம் பராமரிப்புன்னு சொல்லிக் காலைலேருந்து நிறுத்துவான் பாருங்க, அந்த மாதிரி ஒரு நாள். சாப்பிட்டாச்சு, டிவி இல்ல, பேப்பர் படிச்சு முடிச்சாச்சு, தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. நான் சும்மா ஒக்காந்திருக்கேன். பின்னாலேருந்து, "ஏங்க"ன்னா. எத்தனையோ வருஷம் கழிச்சுப் பின்னாலேருந்து ஒரு "ஏங்க". எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. திரும்பிட்டேன். கொல்லைக் கதவு தெறந்திருந்தது, அங்கேருந்து வெளிச்சம் நேரா மூஞ்சில அடிக்குது. அவ அடுக்களை நிலைல சாஞ்சுக்கிட்டு, கண்ணுல கேமராவை வெச்சுக்கிட்டு, "அப்படியே இருங்க"ன்னா.

எனக்கு மொகம் வெறைச்சுப் போச்சு. "ஏதாவது பேசுங்க, அப்பத்தான் இயல்பா இருக்கும்"னா. என்னத்தைப் பேசுறது? எட்டாவது படிக்கிறப்ப பள்ளிக்கூட நாடகத்துல எனக்குப் பொம்பள வேஷம் குடுத்தாங்க, மேடையில பொடவை அவுந்து விழுந்து, உள்ள காக்கி டவுசரோட நின்னு மிச்ச வசனத்தையும் பேசி முடிச்சேன். அதைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. சொல்ல வாய்க்கல. அவ சிரிச்சா பாருங்க, கேமரா ஆடுது. அவ சிரிக்கிறதைப் பாத்து நானும் சிரிச்சுட்டேன். "உங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு பல்லு மேல ஏறியிருக்கு. இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது"ன்னா. பிலிம் தீர்ற வரைக்கும் முப்பத்தாறு படமும் என் மூஞ்சியவே எடுத்தா. நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டு அவளுக்கு எதிர்ல ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்தேன். கரண்ட் வந்துச்சு, டிவி தானா ஓட ஆரம்பிச்சுது. நான் எழுந்து போய் அமத்திட்டு வந்தேன். ஏன் அமத்தினேன்னு இப்ப யோசிச்சாலும் தெரியல.

மறுநாள் நீடாமங்கலத்துல அவ சித்தி பேத்திக்கு வளைகாப்பு. கெளம்புறப்ப முன்னால வந்து நின்னு, "மெஷின்ல துணி ஓடுது, அதை மட்டும் எடுத்துக் கொடில போட்டுடுங்க. வந்து இந்த பிலிமைக் கழுவணும், சீக்கிரம் பாக்கணும் போல இருக்கு"ன்னா. கேமராவுலேருந்து எடுத்த ரோலை டிவி மேல வெச்சுட்டுப் போயிட்டா.

இப்ப நல்லாக் கேளுங்க சார். நீங்களே தீர்ப்பு சொல்லணும்.

அவ போனதும் வீடு ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருந்தது. நான் மெஷின்லேருந்து துணியெல்லாம் எடுத்துக் கொடில போட்டேன். என் வாழ்நாள்ல துணி காயப் போட்டது அதுதான் மொத தடவை. போட்டு முடிச்சதும் ஒரு உற்சாகம். இந்த பிலிமையும் நாமளே கழுவி வெச்சுட்டா என்ன? களைச்சுப் போய் வருவா, பாத்தா சந்தோஷப்படுவாளே. அவ காபி கலக்கி என்னமோ பண்ணுவா, அது எனக்குப் பின்னால நடக்கும், நான் பாத்ததில்ல. நான் பாத்ததெல்லாம் கடைசில கொழாயடில பிலிமை அலசிக் கொடில கிளிப் போட்டு மாட்டுவா, அதுதான். காபில போடுறது ஒரு வேலை, கழுவுறது ஒரு வேலைன்னு நெனச்சேன். கழுவுறதை நாம முன்னாடியே முடிச்சு வெச்சா அவ வந்து காபில போட்டுக்கட்டுமே. அரிசியைக்கூடக் கழுவிட்டுத்தானே உலைல போடுறோம்?

அந்த டப்பியோட மூடியை நெம்பி எடுத்து, பிலிமை வெளிய இழுத்தேன். இழுக்க இழுக்க வருது. நல்ல வெயில். சாம்பலும் ஊதாவுமா ஒரு நெறம், ஒரே அழுக்கு. பக்கெட்டுல வெந்நி வெச்சு, சோப்புத்தூளைப் போட்டு, ஊற வெச்சு, ஸ்பாஞ்சால நோகாம தேய்ச்சேன். வழவழன்னு ஒரு பசை பிரிஞ்சு வருது. எவ்வளவு அழுக்கு சார். இத்தனை அழுக்கோட பிலிமை விக்கிறானேன்னு நெனச்சுக்கிட்டேன். அவ கழுவின பிலிம்ல எல்லாம் கருப்புக் கருப்பாத் திட்டு இருக்கும், பாத்திருக்கேன். நான் கழுவினது கண்ணாடி சார். அந்தப் பக்கம் இருக்கிற கொய்யா மரம் தெரியுது. கொடில நீளமா மாட்டி, கீழ கனத்துக்கு ரெண்டு கிளிப் போட்டேன். நானே நாற்காலியைக் கொல்லைப் பக்கம் தூக்கிட்டுப் போய், அதைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தா. கை நெறைய வளையல். "இங்க வந்து பாரு"ன்னேன். வந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"கழுவிட்டீங்களா?"ன்னா.

"ஆமா. எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னா. துவைக்கிற கல்லுல கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தா. அப்புறம் பிலிமை எடுத்து, கீறல் படாம சுருட்டி, "கையில பசை ஒட்டியிருக்கு, கழுவிக்கங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. திட்டல சார். ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லியிருப்பேன், சமாதானமா போயிருக்கும். அன்னிக்கு டம்ளர்ல எனக்கு வந்தது இன்ஸ்டன்ட் காபி. இன்னி வரைக்கும் அதுதான் வந்துக்கிட்டு இருக்கு.

யாழினிதான் போன்ல விளக்கினா. "அப்பா, கழுவுறதுன்னா டெவலப் பண்றது. வெளிச்சத்துல இழுத்தா படமே போயிடும். நீங்க அதோட விடாம, மிச்சத்தையும் தேய்ச்சு எடுத்துட்டீங்க"ன்னா. அது டெவலப்னா டெவலப்னு சொல்ல வேண்டியதுதானே? அதை ஏன் கழுவுறதுங்கணும்? பாத்திரம் கழுவுறோம், கால் கழுவுறோம், கழுவுறதுன்னா கழுவுறதுதானே சார்? ஊர்ல இருக்கிற ஸ்டூடியோக்காரன் எவனோ என்னிக்கோ தப்பா ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிட்டான், அதுக்கு நான் பொறுப்பா? சொல்லுங்க.

நீங்க வாட்ச்சைப் பாக்குறீங்க. பரவால்ல.

அதுக்கப்புறம் அவ என்னைப் படமே எடுக்கல. காக்காவை எடுக்கிறா. கேஸ் சிலிண்டரை எடுக்கிறா. கொடில காயுற என் சட்டையை எடுக்கிறா. உள்ள இருக்கிற ஆளை எடுக்கல. முன்னெல்லாம் பின்னால 'டக்'குன்னு கேக்கும்ல, அது கேக்கல. நான் இப்ப டிவி சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்கிட்டு ஒக்கார்றேன். கை கழுவிட்டாளோன்னு இருக்கு சார். கஷ்டமாத்தான் இருக்கு. இதையெல்லாம் வீட்டுல சொல்ல முடியுமா?

இந்தச் சமயத்துலதான், யாழினியோட சிநேகிதி அந்த முதுகுப் படங்களை எல்லாம் பாத்துட்டுக் கண்காட்சி வைக்கலாம்னு வந்தா. தலைப்பே 'முதுகு'. அழைப்பிதழ்ல 'முதுகு – செங்கமலம்'னு அடிச்சிருக்கு. முதுகு யாரோடது? என்னோடது. படிக்கிறவன் அவ முதுகுன்னு நெனச்சுக்கமாட்டானா? இதைத்தான் நியாயம் கேக்குறேன்னு சொன்னேன்.

ஆனா ஒண்ணு. நேத்து ராத்திரி யாழினி போன் பண்ணி ஒரு விஷயம் சொன்னா. கடைசிச் சொவத்துல படம் எதுவும் இல்லையாம். நான் கழுவின பிலிமைக் கிளிப்புப் போட்டு அப்படியே தொங்க விட்டிருக்காளாம், பின்னால வெறும் வெள்ளைச் சொவரு. கீழ ஒரு அட்டை. 'கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், என் வீட்டுக்காரர் திரும்பினார். கழுவியவர்: கோ. தட்சிணாமூர்த்தி.' பேரு போட்டிருக்கா சார். இனிஷியலோட. படம் மாட்ட ஒத்தாசைக்கு வந்தவங்க எல்லாரும் அங்கதான் ரொம்ப நேரம் நிக்கிறாங்களாம். ஒண்ணுமே இல்லாத பிலிம்ல என்னத்தைப் பாக்கிறாங்கன்னு தெரியல. வேலை சுத்தமா இருக்குல்ல, அதைப் பாக்கிறாங்க போல.

இந்தாங்க, இதைப் பாருங்க. சட்டைப் பையிலேருந்து எடுக்கிறேன், கையில மட்டும் வாங்காதீங்க. புது பிலிம் ரோல். கடைக்காரன் டப்பாவோடதான் குடுத்தான், நான் அதுக்கு மேல கருப்புக் கவர் ரெண்டு சுத்தியிருக்கேன். வெளிச்சம் படக்கூடாது பாருங்க. டப்பாவுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அவன் சொன்னான். எதுக்கு வம்பு?

குடுக்கிறப்ப என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே வர்றேன். மன்னிச்சுக்கன்னு சொல்லணுமாம், யாழினி சொல்றா. நான் என்ன தப்புப் பண்ணினேன்? உதவிதானே பண்ணினேன்? பேசாம அந்த முதுகுப் படத்துக்கு எதிர்ல, அதையே பாத்துக்கிட்டு நிக்கலாம்னு இருக்கேன். அவ எப்படியும் பின்னாலதான் வருவா.

இதோ, என் எடம் வந்துடுச்சு. நீங்க புது பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? அப்ப இதுல ஒக்காருங்க, ஜன்னல் ஓரம். கண்காட்சிக்கு வர முடியாட்டியும் பரவால்ல, நான் எறங்கி நடக்குறப்ப ஜன்னல் வழியாப் பாருங்க, அங்க மாட்டியிருக்கிறதும் அதேதான். ஏதாவது மறந்து விட்டுட்டேன்னா மட்டும் பின்னாலேருந்து கூப்பிட்டுடாதீங்க, எனக்கு ஆகாது.

இல்ல சார், கூப்பிடுங்க. இன்னிக்கு யாரு கூப்பிட்டாலும் நான் திரும்பிடுவேன்.